மெத்தை வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

நாரி நோ என்றால் கட்டாந்தரை போன்ற மெத்தையில் படு என்று சொல்ல ஆட்கள் நிறையப் பேர். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் ஆய்வொன்று, நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேரை வைத்து இதைச் சோதித்தது. கடும் இறுக்கமான மெத்தையை விட நடுத்தர இறுக்கமான மெத்தைதான் கூடுதல் சுகம் தந்தது. ஆனால் உங்களுக்கு எது நடுத்தரம் என்பதை உங்கள் உடல் நிறைதான் முடிவுசெய்யும். 50 கிலோ ஆளுக்குக் கல்லாகத் தெரிவது 90 கிலோ ஆளுக்கு இதமாக இருக்கலாம்.

அதனால் கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுக்கும் வாக்கிலேயே பத்து நிமிடம் படுங்கள். மல்லாந்து படுப்பவர் நாரிக்குக் கீழே கையை விட்டுப் பார்க்கலாம். கை தாராளமாகப் போய்வந்தால் இறுக்கம் கூட. நுழையவே இடமில்லாவிட்டால் இடுப்பு புதைகிறது. லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. பக்கவாட்டில் படுப்பவரை, கூட வந்தவர் முதுகுப்பக்கம் நின்று போனில் படமெடுக்கட்டும். பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோடாகத் தெரிய வேண்டும். இருவர் படுக்கும் மெத்தை என்றால், கூச்சம் பாராமல் இருவருமே படுத்துப் பாருங்கள்.

இறுக்கம் வேறு, அடர்த்தி வேறு. மெத்தை எவ்வளவு காலம் குழி விழாமல் தாங்கும் என்பது பெரும்பாலும் அடர்த்தியில்தான் இருக்கிறது. ஸ்பொஞ்ச் மெத்தையில் அதை நிறையை வைத்தே பிடித்துவிடலாம். 72×36 அங்குலம், 6 அங்குலத் தடிப்பு என்றால் கனவளவு சுமார் 0.255 கன மீற்றர். கன மீற்றருக்கு 32 கிலோ அடர்த்தி என்று கடைக்காரர் சொன்னால், உறையைத் தவிர்த்து 8 கிலோவாவது இருக்க வேண்டும். 6 கிலோதான் என்றால் அடர்த்தி 24. எப்போதாவது வரும் விருந்தாளிக்கு அது போதும், தினமும் பெரியவர் ஒருவர் படுக்கக் காணாது. இயற்கை றப்பரில் செய்த லேட்டெக்ஸ் இதைவிட இரண்டு மடங்கு பாரம். தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

உடல் வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும் மெமரி ஃபோம், உடல் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத கொழும்பு அறைக்கு அது வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளையில் கடலோரம் இருப்பவர்கள் ஸ்பிரிங் வாங்குமுன் உப்புக்காற்றையும் துருவையும் யோசியுங்கள். மாடி வீடு என்றால் லிஃப்டையும் அளவெடுங்கள்: ஸ்பொஞ்சை வளைத்து ஏற்றலாம், 72×72 ஸ்பிரிங் மெத்தையை முடியாது.

புது மெத்தை நடுவில் தாழ்கிறதா? முதலில் கட்டிலைச் சந்தேகியுங்கள். மெத்தையை எடுத்துவிட்டு, சட்டத்துக்குச் சட்டம் நூல் கட்டி, நடுவில் பலகைகள் நூலை விட்டுத் தாழ்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குறுக்குப் பலகைகளுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஸ்பொஞ்ச் அதற்குள் பிதுங்கும். 60 அங்குல அகலக் கட்டிலுக்கு நடுக்கால் அவசியம். 12 மில்லிமீற்றர் பிளைவுட் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அதில் அங்கங்கே ஒரு அங்குலத் துளை போடுங்கள். காற்றுப் போகாவிட்டால் வியர்வை ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கடையில் சுற்றித் தந்த பொலித்தீனைக் கழற்றாமல் படுப்பவர்களுக்கும் இதே கதிதான்.

மெத்தை இறுக்கமாகிப் போனால் மேலே 2 அங்குல லேட்டெக்ஸ் விரிப்புப் போட்டால் தோளும் இடுப்பும் தப்பும். மென்மையாகிப் போனதை இப்படித் திருத்த முடியாது, சேர்ந்தே புதையும். மெத்தை மாறினால் தலையணையையும் பாருங்கள்: தோள் ஆழமாகப் புதையும் மெத்தைக்கு மெல்லிய தலையணைதான் பொருந்தும்.

மூன்று மாதத்துக்கொருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் படுக்கச் செய்த மெத்தையைக் கவிழ்க்க வேண்டாம். லேட்டெக்ஸை வெயிலில் போட்டால் மஞ்சளித்து உதிரும். சுவரில் சாய்த்து மின்விசிறிக் காற்றுப் பட விட்டால் போதும்.

குழி விழுந்தால் மெத்தைக்குக் குறுக்கே நூல் பிடித்து, ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து படமெடுத்து வையுங்கள். எத்தனை அங்குலம் தாழ்ந்தால் மாற்றித் தருவார்கள் என்று உத்தரவாத அட்டையில் இருக்கும். கறை பட்ட மெத்தையைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை, ஆகவே முதல் நாளே உறை போடுங்கள்.