ஊருக்கு ஊர் பார்க்கிங் கட்டணத்தைத் திருத்துவது எப்படி?

கட்டணத்தைத் தொடும் முன் கணக்கெடுங்கள். மேலூரோ திருமங்கலமோ உசிலம்பட்டியோ, சந்தை நாள் ஒன்று, சாதாரண நாள் ஒன்று. காலை 8 முதல் இரவு 9 வரை மணிக்கொரு முறை வண்டி எண்ணின் கடைசி 4 இலக்கத்தைக் குறித்தால், எந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறதென்று தெரிந்துவிடும். பெரும்பாலும் இடத்தை அடைப்பவை கடைக்காரர்களின் பைக்குகள்தான். 'ஒரு நாளைக்கு இவ்வளவு' என்ற சீட்டு அவர்களுக்குத்தான் வசதி. மணிக்கணக்குக்கு மாற்றுங்கள்: முதல் 15 நிமிடம் இலவசம், 2 மணி நேரம் தாண்டினால் இரட்டிப்பு. கடைக்காரர்களுக்குச் சற்றுத் தள்ளி மலிவான மாதப் பாஸ்.

100 இடத்தில் 85 நிறைந்தால் விலை சரி. பாதி காலியென்றால் குறையுங்கள். மதுரை நகர மையத்திலுள்ள மாசி வீதிகளின் விலை சிற்றூரான வாடிப்பட்டிக்கு ஒத்துவராது.

நகராட்சி அல்லது பேரூராட்சி மன்றத் தீர்மானத்துக்குப் பிறகே டெண்டர். மொத்தத் தொகைக்குக் குத்தகை விட்டால், போட்ட பணத்தை எடுக்கக் கூடுதல் வசூல் தொடங்கிவிடும். நேரம் அச்சிடும் கைக்கருவி, கட்டணப் பலகை இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.