தெர்மல் கமரா வாங்கமுன் கேட்க வேண்டியது

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மாடிவீடுகளில் வயரிங் வேலை செய்கிறவன் நான். உப்புக்காற்றில் பிரேக்கர் திருகுகள் கறள் பிடிக்கும், தொடுப்பு தளரும், பிறகு சத்தமில்லாமல் சூடேறும். அதைப் பிடிக்கத்தான் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கமரா. தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிமார் புறக்கோட்டைக் கடைவாசலில் நின்று, "அண்ணை, எதை எடுக்கிறது?" என்று போனில் கேட்பார்கள்.

கமராவுக்குள்ளே இருப்பது மைக்ரோபொலோமீற்றர் என்ற சென்சர். ஒவ்வொரு பிக்சலும் மெல்லிய இரண்டு கால்களில், சிப்புக்கு மேலே ஏறத்தாழ 2 மைக்ரோன் உயரத்தில், வெற்றிடத்துக்குள் நிற்கும் ஒரு தகடு. 8 முதல் 14 மைக்ரோன் அலைநீள வெப்பக்கதிர் பட்டால் தகடு சூடாகும். அது 1 பாகை சூடானால் மின்தடை சுமார் 2 வீதம் மாறும். சிப் அளப்பது அந்த மாற்றத்தைத்தான். மைனஸ் 196 பாகை வரை குளிராக்கி வேலை செய்யும் சென்சர்களும் உண்டு. அவை இராணுவத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும். வீட்டில் பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டுக்குத் தேவையில்லை.

தகடு வனேடியம் ஒக்சைட்டா, அமோர்பஸ் சிலிக்கனா என்று கடையில் பெரிய விளக்கம் தருவார்கள். முதலாவதை 1980களில் அமெரிக்காவில் ஹனிவெல் உருவாக்கியது, மற்றதைப் பிரெஞ்சுக்காரர் வளர்த்தார்கள். நமக்கு இரண்டும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது நெட்டி (NETD) என்ற எண்: எவ்வளவு சிறிய வெப்ப வித்தியாசம் தெரியும் என்பது. தளர்ந்த தொடுப்பு பத்து இருபது பாகை கூடக் காட்டும், அதற்கு 100 மில்லிகெல்வினே, அதாவது ஒரு பாகையில் பத்திலொன்றே, தாராளம். சுவரில் நீர்க்கசிவு தேடுவதென்றால் 50க்குக் கீழே எடுங்கள்.

அதைவிட முக்கியம் பிக்சல். திரையின் ரெசொலூஷனைச் சொல்லி விற்பார்கள். சென்சரின் பிக்சல் எண்ணிக்கையைக் கேளுங்கள். 160க்கு 120 சென்சர், 57 பாகைப் பார்வைக்கோணம் என்றால், 1 மீற்றர் தூரத்தில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 6-7 மில்லிமீற்றரை மூடும். நம்பத்தக்க அளவுக்கு மூன்றுக்கு மூன்று பிக்சலாவது வேண்டும். அது கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர். பிரேக்கர் திருகு அதைவிடச் சிறியது. கமரா அதைப் பக்கத்துத் திருகுகளோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்த்துச் சராசரி எடுத்து, குறைவான சூட்டைக் காட்டிவிடும். 30 சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போனால் சரி, ஆனால் மூடி கழற்றிய, மின்சாரம் ஓடும் போர்டு அது, கையுறை இல்லாமல் வேண்டாம். 32க்கு 24 தெர்மோபைல் சென்சர் போட்ட மலிவுச் சாமானில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். சாதாரணக் கமராப் படத்தோடு கலந்து காட்டுவதால் மட்டும் அழகாயிருக்கும்.

கடையிலேயே சோதிக்கலாம். உள்ளங்கையைச் சில விநாடி சுவரில் அழுத்தி எடுத்துவிட்டு, கைத்தடத்தின் விரல்கள் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இடையில் "டிக்" என்று கேட்பது பழுதில்லை. ஷட்டர் மூடி, எல்லாப் பிக்சலையும் ஒரே அளவுக்குத் திருத்திக்கொள்கிறது. ஏசிக் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஈரம் படியும்; கமராவும் வெளிச்சூட்டுக்குப் பழக வேண்டும். பத்து நிமிடம் பொறுங்கள்.

பளபளப்பான செப்புக் கம்பி சுட்டாலும் குளிராகவே தெரியும், உங்கள் முகச்சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். மெயினை நிறுத்தி, அதில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, மறுபடி போட்டு, டேப்பின் மேல் அளவெடுங்கள். கண்ணாடி மூடிக்கு வெளியே நின்று பிடித்தால் மூடியின் சூடுதான் வரும்.

அளவெடுக்கமுன் ஏசி, கீசர் எல்லாவற்றையும் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். மின்னோட்டம் பாதியானால் தொடுப்பில் பிறக்கும் வெப்பம் கால்வாசிதான்.