இன அழிப்புக்குப் பின் நீதி: வாசகர் வட்டத்தில் பேசுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில், கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ கூடும் வாசகர் வட்டம் இன அழிப்பு வழக்குகளைப் பற்றிப் பேச விரும்பினால், 1948ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவைத் தமிழில் எழுதி முதலில் அனைவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். தேசிய, இன, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. கூட்டத்தில் பெரியவர் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி நிச்சயம் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். நம் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அழிப்பதற்காக அன்றி, ஈவிரக்கமின்றி வேலை வாங்குவதற்காக அவர்களைக் கொண்டுபோனதால் சட்டம் அதைப் போர்க்குற்றமாகவே பார்க்கும். அதனால் அக்கொடுமையின் கனம் குறைந்துவிடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பல நாடுகளை அள்ளிப் போடாமல் ருவாண்டாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் ஏறத்தாழ 100 நாள்களில் அங்கே சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் சிறுபான்மை இனத்தவரான டுட்சி மக்கள், கொல்லப்பட்டனர். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தான்சானியாவின் அருஷா நகரில் அமைத்த அனைத்துலகத் தீர்ப்பாயம் 93 பேர்மீது குற்றஞ்சாட்டி, 2015இல் மூடப்பட்டது. பாலியல் வன்கொடுமையும் இன அழிப்புச் செயலாகலாம் என்று 1998இல் அக்காயேசு என்ற முன்னாள் மேயரின் வழக்கில் அது தீர்ப்பளித்தது.

அதிக நேரத்தைக் கச்சாச்சா எனும் ஊர் நீதிமன்றங்களுக்கே ஒதுக்குங்கள். சிறைகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைந்து கிடந்ததால், ஏறத்தாழ 12,000 ஊர் மன்றங்கள் உருவாகி, 2012இல் முடிவதற்குள் 19 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை விசாரித்தன. ஊரார் தேர்ந்தெடுத்தவர்களே நீதிபதிகள். கொன்றவன், கணவனை இழந்தவளின் எதிரில் எழுந்து நின்று, யாரோடு சேர்ந்து கொன்றான், உடலை எங்கே போட்டான் என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். இதை யாரையும் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். லயத்து வீடுகளில் ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு, 'அவன் திரும்பி வந்து எதிர்வீட்டிலேயே குடியிருந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற ஒரு கேள்வியே போதும். மன்னிப்பைப் பேசிச் சட்டென்று முடித்துவைக்கப் பார்ப்பவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இல்லாததையும், ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையினர் செய்த கொலைகளை அம்மன்றங்கள் தொடாததையும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இறுதியில் நம் நாட்டுக்கு வாருங்கள். தனிமனிதரை விசாரிக்கும் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய உடன்படிக்கையான ரோம் சாசனத்தில் மலேசியா 2019 மார்ச்சில் சேர்ந்து, மறுமாதமே விலகியது. அதே ஆண்டு, மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரொஹிங்யா மக்கள்மீதான இன அழிப்பு தொடர்பாக மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா மியன்மார்மீது வழக்குத் தொடுத்தது வேறொரு மன்றத்தில். நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் அனைத்துலக நீதிமன்றம் அது. இரண்டும் ஹேக் நகரில் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சந்தையில் வேலை செய்யும் ரொஹிங்யா ஒருவரைச் சாட்சி சொல்ல வற்புறுத்தி அழைத்துவராதீர்கள். அவராக முன்வந்து பேசினால் கேளுங்கள், ஆனால் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.