முக்காடு மட்டும் போதாது: முஸ்லிம் நாயகர்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர் சக்தி கிடைத்த காமிக்ஸ் நாயகி கமலா கான் ராத்திரியில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விடுகிறாள். அம்மா அப்பாவுக்குக் கவலை. பள்ளிவாசலுக்குப் போய் ஷேக் அப்துல்லாவிடம் பேசு என்று அனுப்புகிறார்கள். நல்ல திட்டு காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் போகிறாள். படிக்கும் நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். இதுவரை பார்த்த கதைகளில் தாடி வைத்த இமாம் ஒன்று திட்டுவார், இல்லையென்றால் சதி செய்வார். கமலா தன் சக்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு உதவுகிறேன் என்று மட்டும் சொல்கிறாள். அவர் தடுக்கவில்லை. செய்வதைத் துணிச்சலோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் செய், வழிகாட்ட ஒரு ஆசானைத் தேடிக்கொள் என்கிறார்.

2014 பிப்ரவரியில் மார்வெல் தொடங்கிய ‘மிஸ் மார்வெல்’ தொடரின் முதல் ஆண்டிலேயே வரும் காட்சி இது. எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கரான ஜி. வில்லோ வில்சன். தொடரின் முதன்மை ஓவியர் அட்ரியன் அல்ஃபோனா. கமலாவை உருவாக்கியவர்களில் எடிட்டர் சனா அமனத்தும் ஒருவர். முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருது வாங்கியது. இந்தக் காட்சிக்கு இவ்வளவு பலம் வருவதற்குக் காரணம், கமலாவின் மார்க்கம் கதைக்குள் வேலை செய்வதுதான். அடுத்து என்ன செய்வது என்று அவள் யோசிக்கும் இடத்தில் அது இருக்கிறது. முஸ்லிம் பாத்திரங்களை எழுதும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைக் கோட்டைவிடுவதால் வருபவை. பெயர் இருக்கும், உடை இருக்கும், பிரியாணி இருக்கும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் நம்பிக்கை எங்கே போனது என்றே தெரியாது.

ஃபேன்டசி நாவலோ காமிக்ஸோ எழுத உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குண்டில் தொடங்கும் கதை

2012இல் டிசி காமிக்ஸ் சைமன் பாஸ் என்ற கிரீன் லேன்டர்னை, அதாவது சக்தி தரும் மோதிரம் அணிந்த நாயகனைக் கொண்டுவந்தது. மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னைச் சேர்ந்த லெபனானிய அமெரிக்க முஸ்லிம். ஃபோர்டு தொழிற்சாலைகளின் ஊர், அரபு அமெரிக்கர்கள் பெரிய அளவில் வாழும் ஊர். கார்த் தொழில் சரிந்தபோது அந்த ஊர்க் குடும்பங்கள் பட்ட பாட்டை வைத்தே ஒரு நல்ல நாவல் எழுதலாம். கதை போன வழி வேறு. வேலை போன சைமன் வண்டி திருடுகிறான், திருடிய வண்டியில் குண்டு இருக்கிறது, போலீஸ் அவனைத் தீவிரவாதி என்று பிடிக்கிறது. மோதிரம் கையில் வந்த பிறகும் இடுப்பில் துப்பாக்கி.

சந்தேகிக்கப்படுவது அமெரிக்க முஸ்லிம்களின் வாழ்க்கையில் உண்மையாகவே நடப்பது, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் வாசகர் அந்த மனிதனை முதன்முதலாகச் சந்திக்கும் இடமே குண்டு என்றால், தான் நிரபராதி என்று நிரூபிப்பதே அவனுடைய வேலையாகிவிடுகிறது. சூப்பர்மேன் யாரிடமும் அப்படி நிரூபித்துக்கொண்டு திரிவதில்லை. இந்தக் கதையை எழுதிய ஜெஃப் ஜான்ஸ் லெபனானிய வேர் கொண்டவர், டெட்ராய்ட் பக்கத்துக்காரர். எழுதுபவர் உள்ளூர்க்காரர் என்பதாலேயே இந்தப் பொறியிலிருந்து தப்பிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லா முஸ்லிமும் அரபி இல்லை

இது எல்லோருக்கும் தெரியும் என்று தோன்றும். ஆனாலும் 2002இல் ‘நியூ எக்ஸ்-மென்’ இதழில் அறிமுகமான சூராயா காதிரைப் பாருங்கள். மணலாக மாறும் சக்தி கொண்ட ஆப்கானிஸ்தான் பெண். டஸ்ட் என்பது அவளுடைய காமிக்ஸ் பெயர். பஷ்தூவும் தாரியும் பேசும் நாட்டிலிருந்து வந்தவள் வாயில் வருவது அரபிச் சொல். ஆப்கானியப் பெண்கள் அணியும், கண்பகுதியில் வலை பின்னிய நீல புர்காவும் இல்லை. வளைகுடா நாட்டு அபாயாவும் (உடலை மூடும் மேலங்கி) நிகாபும் (முகத்திரை) போட்டிருப்பாள். அந்த அபாயாவும் பல ஓவியர்களின் கையில் உடம்போடு ஒட்டிய உடையாகிவிட்டது. உடலை மறைப்பதற்காக அவள் தேர்ந்தெடுத்த துணியை உடலைக் காட்டும்படி வரைந்தால், அந்தப் பெண்ணின் சொல்லை ஓவியரே மீறுகிறார் என்றுதான் அர்த்தம்.

நாவல்களில் இதே தவறு பாலைவனமாக வரும். ஒட்டகம், மணல்மேடு, கடைத்தெரு, ஒரு கொடுங்கோல் சுல்தான். மாலியின் திம்புக்துவிலும் இந்தோனேசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் கரையிலும் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். எஸ். ஏ. சக்ரவர்த்தி 2023இல் எழுதிய நாவலின் நாயகி அமீனா அல்-சிராஃபி இந்தியப் பெருங்கடலில் கப்பல் ஓட்டிய, நடுத்தர வயதுக் கொள்ளைக்காரி. ஒரு குழந்தைக்குத் தாய். செய்த பாவங்கள் அவள் மனதை அரிக்கின்றன, தொழுகையையும் விட முடியவில்லை. ஏடன், சொகோத்ரா என்று கதை கடலோடு போகிறது. மணலை விட்டு வெளியே வந்ததுமே எவ்வளவு காற்றோட்டம் கிடைக்கிறது என்று அதைப் படித்தால் தெரியும்.

முக்காட்டைக் கழற்றினால் விடுதலையா?

கமலா தலையில் துணி போடுவதில்லை, பள்ளிவாசலில் தவிர. அவளுடைய தோழி நகியா போடுகிறாள், அதுவும் அவளுடைய அப்பா வேண்டாம் என்று நினைக்கும்போது. முதல் இதழிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். கழற்றினால் விடுதலை, போட்டால் அடிமை என்ற பழைய சூத்திரம் இரண்டு வரி உரையாடலில் உடைந்துவிடுகிறது. 2008இல் மார்வெலில் வந்த ஃபாயிஸா ஹுசைன் முக்காடு போட்ட பிரிட்டிஷ் மருத்துவர். ஆர்தர் மன்னனின் எக்ஸ்கேலிபர் வாள் அவள் கைக்குத்தான் வருகிறது. எழுதிய பால் கார்னெல் முஸ்லிம் பெண்களிடம் கலந்து பேசித்தான் அவளை உருவாக்கினார்.

ஓவியர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் வீட்டுக் காட்சி. அம்மா, அப்பா, அண்ணன் தம்பி மட்டும் இருக்கும் சமையலறையில், நடு ராத்திரியில், தூங்கி எழுந்த பெண்ணுக்கு இறுகக் கட்டிய ஹிஜாப். நெருங்கிய உறவினர் முன்னால் அது தேவையே இல்லை. ஹிஜாபைப் பாத்திரத்தின் தலைமுடி மாதிரி நினைத்து வரைவதால் வருவது இது.

தொழுகையும் நோன்பும் கதைக்குக் கிடைத்த பரிசு

இந்தப் பரிசை எழுத்தாளர்கள் எடுக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஐந்து வேளைத் தொழுகை என்பது ஒரு நாளை ஐந்தாக வெட்டும் கடிகாரம். சஸ்பென்ஸ் எழுதுகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கு நேரம் குறைவு, சூரியன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். அந்த நேரம் பார்த்து ஊர்ப் பாலம் இடிகிறது. நோன்பு வைத்திருக்கும் நாயகன் மதியம் மூன்று மணிக்குச் சண்டை போடுகிறான். பயணத்தில் இருப்பவருக்கு நோன்பை விட்டுப் பின்னால் வைக்க அனுமதி உண்டு, பறந்து ஐநூறு மைல் போனவன் பயணியா இல்லையா? இதையெல்லாம் ஒரு பாத்திரம் யோசித்தாலே அவன் உயிரோடு எழுந்து நிற்பான்.

இது கற்பனைக்கு மட்டும் உரிய கேள்வி என்று நினைக்க வேண்டாம். 2007 அக்டோபரில் மலேசிய மருத்துவர் ஷேக் முஸஃபர் சுக்கூர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அது ரமலான் மாதத்தின் கடைசி நாட்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் இடத்தில் சூரியன் ஒரு நாளில் பதினாறு தடவை உதிக்கும். அப்படியானால் எத்தனை வேளைத் தொழுகை? மலேசிய மார்க்க அறிஞர்கள் கூடிப் பேசி வழிகாட்டி வெளியிட்டார்கள். ராக்கெட் கிளம்பிய இடத்தின் 24 மணி நேரக் கணக்குப்படி ஐந்து வேளைதான். மக்காவிலுள்ள கஅபாவின் திசையை முடிந்தவரை பார்ப்பது, முடியாவிட்டால் பூமியைப் பார்ப்பது, அதுவும் முடியாவிட்டால் எந்தப் பக்கமானாலும் சரி. நோன்பைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம். நோன்புப் பெருநாளும் அங்கேயே வந்தது. விண்வெளியில் ஹீரோக்களைச் சுற்றவிடும் காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கு இப்படி ஒரு ஆவணம் கையில் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். ரமலான் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். பல ஆண்டுகள் ஓடும் தொடரில் நோன்பு எப்போதும் கோடையில் வந்தால் அது பிழை.

ஜின்னைப் பாட்டிலில் அடைக்காதீர்கள்

விளக்கைத் தேய்த்தால் புகையாக வந்து, மூன்று வரம் கொடுத்துவிட்டுச் சிரிக்கும் நீல உருவத்துக்கும் முஸ்லிம்கள் நம்பும் ஜின்னுக்கும் பெரிய தூரம். அலாவுதீன் கதையே பழைய அரபிப் பிரதிகளில் இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற மரோனைட் கிறிஸ்தவர் பாரிஸில் சொல்ல, பிரெஞ்சுக்காரரான அந்துவான் கலான் அதைத் தன் ‘ஆயிரத்தோர் இரவுகள்’ தொகுப்பில் சேர்த்தார். கதை நடப்பதாகச் சொல்லப்படும் நாடு சீனா.

குர்ஆன் சொல்லும் ஜின் புகையில்லாத நெருப்பிலிருந்து படைக்கப்பட்டது. அதற்கு விருப்பு வெறுப்பு உண்டு, நல்லது கெட்டது உண்டு, மறுமையில் கணக்கும் உண்டு. குர்ஆனைக் கேட்டு ஈமான் (இறைநம்பிக்கை) கொண்ட ஜின்களைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. அப்படியென்றால் தொழுகிற ஜின்னையும், தங்களுக்குள் மார்க்கச் சண்டை போடும் ஜின்களையும் எழுதலாம். சக்ரவர்த்தியின் முந்தைய நாவல் வரிசையில் தேவாபாத் என்ற ஜின்களின் நகரம் அப்படித்தான் நிற்கிறது. அங்கே பக்திமிக்க இளவரசன் அலியின் நம்பிக்கையே அரசியல் சிக்கலாகிறது.

மந்திரத்தில்தான் உண்மையான முள் இருக்கிறது. இஸ்லாத்தில் சூனியம் பெரும்பாவம். ஒரு முஸ்லிம் பெண் மந்திரப் பள்ளியில் சேர்ந்து முதல் நாளே கோலைச் சுழற்றினால், அவள் மனதில் ஒரு கேள்விகூட எழவில்லையா? கமலா விஷயத்தில் சக்தி உடம்பிலேயே இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை. தனி உலகம் படைப்பவர்கள் விதியையே மாற்றிக்கொள்ளலாம். சலாதின் அகமது 2012இல் எழுதிய நாவலில், பேய் வேட்டைக்காரக் கிழவர் அதூல்லா இறைவனை அழைத்துத்தான் எதிர்க்கிறார். இரண்டும் இல்லாமல், இதே பூமியில், இதே இஸ்லாத்தில் மந்திரவாதி என்றால், அந்தத் தயக்கத்தை எழுதியே ஆக வேண்டும்.

அந்த நாவலில் இன்னொரு அழகு. அதூல்லா டீயும் சாப்பாடும் விரும்பும் தொந்திக்காரர். அவரோடு வரும் இளைஞன் ரஸீத் கடுமையான ஒழுக்கக்காரன். இருவருமே விசுவாசிகள், ஓயாமல் உரசிக்கொள்கிறார்கள். கதையில் ஒரே ஒரு முஸ்லிம் இருந்தால் அவர் தலையில் மொத்த மார்க்கமும் ஏறிக்கொள்ளும். மூன்று பேர் இருந்தால் அவரவர் குணம் வெளியே வரும். கமலாவின் வீட்டிலும் பக்திமானான அண்ணன் ஆமிர், கண்டிப்பான அம்மா, இஸ்லாத்தைத் தழுவிய கறுப்பின அண்ணி டயேஷா என்று ஒரு கூட்டமே உண்டு.

தொட்டால் வலிக்கும் இடங்கள்

குவைத்தின் உளவியலாளர் நாயிஃப் அல்-முதவ்வா 2006இல் தொடங்கிய ‘தி 99’ காமிக்ஸில், இறைவனின் 99 திருநாமங்கள் சுட்டும் பண்புகளைத் தாங்கிய நாயகர்கள் வந்தார்கள். குறைந்தது மூன்று பேராகத்தான் செயல்படுவார்கள். ஓர் ஆணும் பெண்ணும் தனித்திருக்கக் கூடாது என்ற மார்க்க மரபும் அதற்கு ஒரு காரணம். இவ்வளவு கவனமாக இருந்தும் 2014இல் சவூதியின் தலைமை முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்பவர்) எதிர்த்தார். அமெரிக்காவில் வேறொரு தரப்பு இது மதப் பிரசாரம் என்றது. எனக்கு அந்த முயற்சி மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இறைவனின் பெயர்களையும் நபிமார்களின் உருவத்தையும் தொடுகிறவர், அறியாமல் தொடக் கூடாது. தெரிந்து எடுக்கும் துணிச்சலும் தெரியாமல் மிதிப்பதும் அச்சான பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அரபி எழுத்து வரைகிறவர்களுக்கு ஒன்று. அது வலமிருந்து இடம், எழுத்துகள் சேர்ந்து வரும். மென்பொருளில் ஒட்டும்போது எழுத்துகள் பிரிந்து, திசை மாறி நிற்பதைப் பல பக்கங்களில் பார்க்கலாம். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அச்சுக்கு முன் காட்டிவிடுங்கள்.

அப்புறம், நாயகன் நம் கடற்கரைக்காரன் என்றால் இன்னும் நுணுக்கம் கிடைக்கும். காயல்பட்டினத்துப் பையன் உம்மா, வாப்பா என்பான். ராவுத்தர் வீட்டுப் பையன் அத்தா என்பான். முன்னவர் பெரும்பாலும் ஷாஃபி, பின்னவர் ஹனஃபி; இரண்டும் மார்க்கச் சட்ட மரபுகள். இது சண்டைக் காட்சி வரை வரும். வெள்ளத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துத் தூக்கினால் ஷாஃபிக்கு ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிப் பெறும் சுத்தம்) முறிந்துவிடும், ஹனஃபிக்கு முறியாது. நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தால் ஹனஃபிக்கு முறியும், ஷாஃபிக்கு முறியாது. பிற்பகல் தொழுகையான அஸர் நேரமும் ஹனஃபிக்குக் கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும். இருவரும் ஒரே அணியில் இருந்தால், சண்டை முடிந்ததும் யார் முதலில் தண்ணீர்க் குழாயைத் தேடுவார்கள் என்பதை அந்தச் சண்டையில் நடந்ததை வைத்து நீங்கள் முடிவுசெய்யலாம்.