ஒன்டாரியோவில் ஆசிரியர் வேலை: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கோடையிலும் கனடாவில் டொரன்டோ வட்டாரத்து ஸ்கார்பரோ, பிராம்ப்டன் பக்கம் சில ஆசிரியர்கள் புதிதாக வந்து இறங்குகிறார்கள். ஊரில் பத்துப் பதினைந்து வருடம் பாடம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள். யார் மூலமாவது என் எண்ணை வாங்கி அழைப்பார்கள். கொஞ்ச நேரம் பேசினாலே தெரிந்துவிடும், நாங்கள் அன்றைக்குச் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று. எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இவர்களுக்காவது சொல்லி வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுயவிவரத்தில் எழுத்துப்பிழை, நேர்காணலுக்குத் தாமதம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஆசிரியர்களுக்கு அதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு அடிப்படை. ஒன்டாரியோவில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் நான்கு வகை: ஆங்கிலப் பொதுப் பள்ளி, ஆங்கிலக் கத்தோலிக்கப் பள்ளி, பிரெஞ்சுப் பொதுப் பள்ளி, பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பள்ளி. இவற்றில் ஆசிரியராகச் சேர ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸ், சுருக்கமாக ஓ.சி.டி., தரும் உரிமம் வேண்டும். நம் ஊரில் வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் எப்படியோ, இங்கே ஆசிரியருக்கு ஓ.சி.டி. அப்படி. தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு சான்றிதழ் தேடுவது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வருகிற எல்லோர் கையிலும் ஒரு ஃபைல் இருக்கும். லேமினேஷன் செய்த பட்டச் சான்றிதழ், செமஸ்டர் வாரியாக மதிப்பெண் பட்டியல், தலைமையாசிரியர் கொடுத்த அனுபவச் சான்று, எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும். "என்கிட்ட எல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்பார்கள். ஓ.சி.டி. கேட்பதோ வேறு. உங்கள் கல்விப் பதிவை, அதாவது டிரான்ஸ்கிரிப்ட்டை, பல்கலைக்கழகமே நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கை வழியாகப் போகிற தாள் அந்தக் கணக்கில் வராது.

சரி, எழுதிப் போட்டால் அனுப்பிவிடுவார்களே என்று தோன்றும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-ல்தான் வந்தது. அதற்கு முன் பி.எட். முடித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது சென்னை, மதுரை காமராசர், பாரதியார் போன்ற பல்கலைக்கழகங்கள். இளங்கலை ஒரு பல்கலைக்கழகம், பி.எட். இன்னொன்று, தொலைநிலையில் படித்த முதுகலை மூன்றாவது என்று இருப்பவர்கள் ஏராளம். மூன்று அலுவலகம், மூன்று படிவம், மூன்று கட்டணம்.

இத்தோடும் முடியவில்லை. மதிப்பெண் பட்டியலில் "கற்பித்தல் பயிற்சி" என்று ஒரு வரியும் அதற்கான மதிப்பெண்ணும் இருக்கும். எத்தனை நாள், எந்தப் பள்ளி, எந்தெந்த வகுப்பு, என்ன பாடம் என்பது இருக்காது. இங்கே அதுதான் முக்கியம். ஒன்டாரியோவின் ஆசிரியர் கல்வி 2015 செப்டம்பரிலிருந்து நான்கு செமஸ்டர். அதில் குறைந்தது 80 நாள் வகுப்பறைப் பயிற்சி. நம் பயிற்சியை அந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்ப்பார்கள். நம் ஊரிலும் பி.எட். 2015 வாக்கில் இரண்டு வருடப் படிப்பானது. அதற்கு முன் படித்தவர்களுடையது ஒரு வருடப் படிப்பு. ஆகவே பழைய பி.எட்.காரர்கள் ஒவ்வொரு நாள் பயிற்சிக்கும் எழுத்தில் ஆதாரம் வைத்திருக்க வேண்டும். உரிமத்தில் 7 முதல் 10 வரை, 11, 12 என்று வகுப்புப் பிரிவுகளும் உயர்நிலைக்கான பாடங்களும் பதிவாகும். நீங்கள் எந்த வகுப்புக்குப் பயிற்சி எடுத்தீர்கள் என்பது தாளில் இல்லாவிட்டால் அங்கேயே சிக்கல்.

தென் மாவட்டத்துப் பெண் ஒருவர், இயற்பியல் ஆசிரியை. அவர் பி.எட். படித்த சுயநிதிக் கல்லூரி, அவர் கனடா வந்த அடுத்த வருடமே மூடிவிட்டது. பயிற்சி விவரக் கடிதம் கொடுக்க முதல்வரும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஊரில் எழுபது வயது தாண்டிய அப்பா பேருந்தில் பல்கலைக்கழகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். ஒரு தடவை சம்பந்தப்பட்டவர் விடுப்பு, அடுத்த தடவை மகளின் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தப் பெண் இங்கே மிசிசாகாவில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கல்வியாண்டு போனது. பதினொன்றாம் வகுப்புக்கு அவர் மின்னியல் நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் ஒரு கடிதத்துக்காக அத்தனை நாள் வகுப்பறைக்கு வெளியே நின்றார் என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கோபம் எதனால் என்றால், குடியேற்றத் துறையின் பதிலுக்காக மாதக்கணக்கில் ஊரில் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் குளிருக்கு ஜாக்கெட் வாங்குகிறார்கள், கார் ஓட்டப் பழகுகிறார்கள், சமையல் பொடி அரைத்துக் கட்டுகிறார்கள். படித்த கல்லூரிக்கு நேரில் போய் ஒரு கடிதம் வாங்கத் தோன்றுவதில்லை. ஓ.சி.டி.க்கு விண்ணப்பிக்க கனடா மண்ணை மிதித்திருக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்தே இணையத்தில் போடலாம்.

பெயர்ச் சிக்கல் தனி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கே. லட்சுமி. பட்டத்தில் லட்சுமி கே. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து லட்சுமி கிருஷ்ணன். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். நமக்கு இது ஒரே ஆள் என்பதில் சந்தேகமே வராது. இங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது நான்கு பேர். திருமணப் பதிவுச் சான்று, பெயர் மாற்றம் செய்திருந்தால் அரசிதழ் நகல், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே தயார் செய்து, விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் சில வாரம் போகும்.

இன்னும் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, அப்போஸ்டில். சென்னையில் யாரோ சொன்னார்கள் என்று எல்லாச் சான்றிதழுக்கும் வெளியுறவுத் துறை முத்திரை குத்தி, கணிசமான பணம் கட்டி வருகிறார்கள். கனடாவில் அப்போஸ்டில் ஒப்பந்தம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததும் இந்த வியாபாரம் இன்னும் சூடுபிடித்தது. அந்த முத்திரை ஆவணம் உண்மையானது என்று சொல்லும், அவ்வளவுதான். பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு அது மாற்று ஆகாது. இரண்டாவது, குடியேற்றத்துக்காக எடுத்த கல்வி மதிப்பீட்டு அறிக்கை. "உங்கள் பட்டம் கனடாவின் இளங்கலைக்குச் சமம்" என்று அதில் இருப்பதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது குடியேற்ற மதிப்பெண்ணுக்கு. ஆசிரியர் உரிமம் வேறு வாசல்.

ஆகவே கிளம்பும் முன், கல்லூரி முகவரித்தாளில் முதல்வர் கையெழுத்தோடு பயிற்சி விவரக் கடிதம் வாங்குங்கள்: தேதி, நாட்கள், பள்ளி, வகுப்பு, பாடம், பயிற்று மொழி எல்லாம் இருக்கட்டும். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு நீங்களே நேரில் விண்ணப்பியுங்கள். பட்டப்படிப்பின் பாடத்திட்ட நகலை எடுத்து வையுங்கள்; இயற்பியலோடு துணைப்பாடமாகப் படித்த கணிதம் இங்கே இரண்டாவது பாடமாக ஏற்கப்படுமா என்ற கேள்வி வந்தால் அது கைகொடுக்கும். உங்கள் சார்பில் அலுவலகம் போகக்கூடிய ஒருவருக்கு, கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் சில பிரதிகள் கொடுத்துவிட்டு வாருங்கள். வயதான பெற்றோரை விட ஊரில் இருக்கும் தம்பியோ தோழியோ நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வியியற் கல்லூரி டிப்ளோமா ஆசிரியப் பயிற்சிக்கு ஆதாரமாக இருக்கலாம், ஆனால் ஓ.சி.டி. பொதுவாகக் கேட்பது குறைந்தது மூன்று வருடப் பட்டமும் சேர்த்து. பட்டம் இல்லாமல் வந்தால் இங்கே முதலில் அதைத்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

ஓ.சி.டி. என்ன சொல்கிறது என்று பார்க்காமலே மறுபடி பி.எட். சேர்வது

"நம்ம பி.எட். இங்க செல்லாது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். உடனே கடன் வாங்கி இரண்டு வருடப் படிப்பு. முதலில் விண்ணப்பித்து, மதிப்பீடு வரும் வரை பொறுங்கள். படிப்பில் குறை இருந்தாலும், இன்னின்ன பாடங்களை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடைக்கால உரிமம் கொடுக்கும் வழி இருக்கிறது. அந்த உரிமத்தோடு வேலை பார்த்துக்கொண்டே நிபந்தனையை முடிக்கலாம். சில பாடங்கள் எங்கே, முழுப் படிப்பு எங்கே!

தவறான ஐ.இ.எல்.டி.எஸ்.

குடியேற்றத்துக்கு எழுதியது ஜெனரல். ஓ.சி.டி. மொழித்தேர்வு கேட்டால் பார்ப்பது அகாடமிக். எழுதும் முன் எது என்று பாருங்கள்.

உரிமத்துக்கு ஏஜென்ட் பிடிப்பது

வேண்டாம்.

சப்ளை வேலையைக் கௌரவக் குறைவாக நினைப்பது

ஊரில் தலைமையாசிரியராக இருந்தவர், இங்கே விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக ஒரு நாள் வகுப்பைப் பார்த்துக்கொள்வதா என்று கேட்கிறார். மனம் வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்து படித்தவர்களில் பலரும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். முதலில் சப்ளை பட்டியல், அப்புறம் மகப்பேறு விடுப்பு போன்றவற்றுக்கான நீண்டகால மாற்று வேலை, அதாவது எல்.டி.ஓ., அதன் பிறகு நிரந்தரம். காலை ஆறு மணிக்கு வரும் அழைப்பை எடுத்து, தெரியாத பள்ளியில் ஏழாம் வகுப்பை ஒழுங்காக நடத்திவிட்டு, மேசையில் அந்த ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை அவரே உங்களைப் பெயர் சொல்லிக் கேட்பார்.

இன்னொன்று. சீனியாரிட்டி வந்தால்தான் எல்.டி.ஓ. கிடைக்கும் என்று பழையவர்கள் சொல்வதை வைத்துச் சோர்ந்துவிடாதீர்கள். அது 274-ஆம் ஒழுங்குவிதி இருந்த காலத்துப் பேச்சு. 2020 அக்டோபரில் அதை நீக்கிவிட்டார்கள்.

டொரன்டோவை மட்டும் பார்ப்பது

சொந்தங்களும் கோயிலும் கடையும் இங்கே இருப்பதால் எல்லோரும் டொரன்டோவைச் சுற்றியே விண்ணப்பிக்கிறார்கள். வடக்கே உள்ள பள்ளி வாரியங்களுக்கு, அதாவது அந்தந்த வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளுக்கு, ஆள் கிடைப்பதே கஷ்டம். தனியாக வந்தவர்கள், குழந்தைகள் சிறியவர்களாக உள்ளவர்கள் இரண்டு வருடம் போய் வருவதை யோசிக்கலாம். பிரெஞ்சு தெரிந்தால் நிலைமையே வேறு. மாகாணம் முழுக்க பிரெஞ்சு ஆசிரியருக்குத் தட்டுப்பாடு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, இங்கே வந்து கணிதம் மட்டும் சொல்லித் தருவேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அந்த மொழியை விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதுங்கள், இரண்டாம் மொழியாக பிரெஞ்சு கற்பிப்பதற்கான கூடுதல் தகுதிப் படிப்பையும் முடியுங்கள்.

நேர்காணலில் தேர்ச்சி விகிதம் பேசுவது

"என் பாடத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்பது நம் ஊரில் பெரிய தகுதி. இங்கே அது எதிரில் இருப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. அவர் கேட்பது இது: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் இருக்கிறது, இன்னொரு பிள்ளை போன வாரம்தான் ஆங்கிலம் தெரியாமல் வந்து சேர்ந்தது, மூன்றாவது பிள்ளை பாடத்தைத் தாண்டிப் போய்விட்டது, பின்னங்கள் பாடத்தை எப்படி நடத்துவீர்கள்? நடத்திய விதத்தைத்தான் கதையாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் 50 பிள்ளைகளை வைத்து, பின்தங்கியவர்களை மாலையில் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தவர்களிடம் இதற்கான பதில் நிறைய இருக்கிறது. சொல்லத்தான் தெரிவதில்லை.

போகும் முன் 2010-ல் வந்த க்ரோயிங் சக்சஸ் என்ற மதிப்பீட்டுக் கொள்கையைப் படித்துவிடுங்கள். ஒன்டாரியோவில் மதிப்பீடு என்பது கடைசித் தேர்வு மட்டும் அல்ல; கற்கும்போதே பார்ப்பது, பிள்ளை தானே தன்னைப் பார்த்துக்கொள்வது, முடிவில் அளப்பது என்று பிரித்துப் பேசுகிறார்கள். நான்கு நிலைகளில் மூன்றாவதுதான் மாகாணத்தின் எதிர்பார்ப்பு. உயர்நிலைப் பாடங்களில் இறுதி மதிப்பெண்ணில் 70 சதவீதம் பருவம் முழுக்கச் செய்த வேலைக்கு, 30 சதவீதம் இறுதி மதிப்பீட்டுக்கு. இது தெரியாமல் போனால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒதுக்குவது

பள்ளி வாரியங்கள் நடத்தும் சர்வதேச மொழிகள் திட்டத்தில் தமிழ் உண்டு. தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லித்தர ஓ.சி.டி. உரிமம் கட்டாயம் இல்லை. உரிமம் வரும் வரை வகுப்பறையில் நிற்கலாம், உங்கள் வகுப்பை நேரில் பார்த்த ஒருவரைப் பரிந்துரைக்குக் காட்டவும் முடியும். இங்கே அந்தப் பரிந்துரை இல்லாமல் ஒன்றும் நகராது.

கத்தோலிக்கப் பள்ளி

கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையின் கடிதத்தை முன்பே வாங்கி வையுங்கள்.

ஊதியப் பிரிவைத் தள்ளிப்போடுவது

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுகிறார்கள். சம்பளம் இரண்டை வைத்து: உங்கள் கல்வித் தகுதிக்கான பிரிவு, அனுபவ வருடங்கள். தொடக்கப் பள்ளிக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கும் பிரிவை மதிப்பிடுவது க்யூகோ என்ற அமைப்பு. ஆங்கிலப் பொது உயர்நிலைப் பள்ளிக்கு அந்த ஆசிரியர் சங்கமே செய்கிறது. ஊரில் வாங்கிய எம்.எஸ்சி.யையும் எம்.எட்.டையும் அங்கே காட்டுங்கள். ஊரில் வேலை பார்த்த வருடங்களுக்கு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா என்பது எழுதிய கடிதம் வேண்டும். "நல்ல நடத்தை உடையவர்" என்று மட்டும் எழுதியிருக்கும் சான்றிதழ் இதற்கு உதவாது. வேலைக்குச் சேரும் நாளிலேயே இதற்கான கடைசித் தேதி எது என்று வாரியத்தின் மனிதவளப் பிரிவிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.