ஆஸ்துமாவோடும் உணவு அலர்ஜியோடும் புது நாட்டுக்கு வருகிறீர்களா?

புது நாட்டில் இறங்கியதும் வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று அலைகிற அலைச்சலில் டாக்டரைப் பார்ப்பது கடைசிக்குப் போய்விடும். வீட்டில் யாருக்காவது வீசிங்கோ உணவு அலர்ஜியோ இருந்தால் அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். நான் முடிக்கவில்லை. முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு மகன் இருமி இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டான், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுகிறது, நான் இன்ஹேலரை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், புஸ் என்று சத்தமும் வருகிறது, பலன்தான் இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, இதில் இதுவரை எத்தனை பஃப் எடுத்திருக்கிறீர்கள் என்பது. எனக்குத் தெரியவில்லை. உள்ளே மருந்து தீர்ந்த பிறகும் அதைத் தள்ளிவிடுகிற வாயு கொஞ்ச நாளைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மிச்சத்தைக் காட்டும் எண் உங்கள் இன்ஹேலரில் இல்லையென்றால் எடுத்த பஃப்களைக் குறித்து வையுங்கள்.

அடுத்து, மருந்தின் பெயர். பிராண்டு பெயரை மட்டும் சொன்னால் பார்மசியில் விழிப்பார்கள். மருந்துப் பொருளின் பொதுப் பெயரான மூலப்பெயர்கூட சில சமயம் மாறும்: இன்ஹேலரில் வரும் சால்புடமால் அமெரிக்காவில் ஆல்பியூடெரால், கடுமையான அலர்ஜிக்குப் போடும் அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். அதனால் கிளம்பும் முன்பே பழைய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் மூலப்பெயர், அளவு, எதைச் சாப்பிட்டால் என்ன ஆனது, கடைசியாக எப்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, இதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்தக் கடிதமும் மருந்தும் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும்.

இன்ஹேலர் பழகிவிடும், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பயந்து தடுப்பு இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது ஒரு பிரச்சினை, உள்சுவர் வீங்கிச் சளி கட்டுவது இன்னொன்று. மூச்சு முட்டும்போது எடுக்கிற நீல இன்ஹேலர் தசையைச் சில மணி நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். வீக்கத்தைக் குறைப்பது தடுப்பு இன்ஹேலரில் தினசரி எடுக்கிற ஸ்டீராய்டு. அதன் அளவு மைக்ரோகிராமில். அதை விட்டுவிட்டு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையின் அளவு மில்லிகிராமில். எது அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள். பெரியவர்களுக்கு நீல இன்ஹேலர் மட்டும் போதாது என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019லேயே சொல்லிவிட்டது. நீல இன்ஹேலர் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டாலோ, இருமல் ராத்திரியில் எழுப்பிவிட்டாலோ, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அப்புறம், ஸ்டீராய்டு எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியும்.

புது ஊர்க் காற்றும் வேலையைக் காட்டும். முதல் வருடம் ஒன்றும் தெரியாமல், இரண்டாவது மூன்றாவது வசந்தத்தில் மகரந்தம் தும்மலாக ஆரம்பிப்பது சகஜம். வெறும் தும்மல்தானே என்று விடாதீர்கள். மெல்போர்னில் 2016 நவம்பரில் இடியோடு வந்த புயல் மகரந்தத்தை உடைத்துத் தூளாக்கியதில் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சு முட்டியது, பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் தும்மல் மட்டும்தான்.

உணவு லேபிளுக்கு வருவோம். தடித்த எழுத்தில் இல்லையென்றால் அந்தப் பொருள் இல்லை என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 அலர்ஜிப் பொருட்களைக் கட்டாயம் தனித்துக் காட்ட வேண்டும், அமெரிக்காவில் 9. கடுகு முதல் பட்டியலில் உண்டு, இரண்டாவதில் கிடையாது. எள் அமெரிக்கப் பட்டியலில் அமலுக்கு வந்ததே 2023இல்தான். வே, கேசீன் என்று எழுதியிருந்தாலும் அது பால்தான். ஹோட்டலில் பொதுவாக நட்ஸ் அலர்ஜி என்று சொல்லாமல் வேர்க்கடலை, முந்திரி, பாதாம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேர்க்கடலை உண்மையில் பயறு வகை, சமையல்காரர் அதைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம்.

ஆஸ்துமாவும் உணவு அலர்ஜியும் ஒரே ஆளுக்கு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், கடுமையான அலர்ஜியில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் மூச்சுக்குழாய்தான். ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிட்டபின் திடீரென்று மூச்சுத் திணறினால் தோலில் தடிப்பு இல்லாவிட்டாலும் அட்ரினலின் ஊசிப் பேனாதான் முதலில், நீல இன்ஹேலர் அதற்கப்புறம். அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. பேனாவைத் தொடையின் வெளிப்பக்கத்தில், துணிக்கு மேலேயே, அழுத்திப் பிடிக்க வேண்டும். எத்தனை நொடி என்பது பேனாவிலேயே எழுதியிருக்கும். எப்பிபென் என்ற பிராண்டுப் பேனாவில் ஊசி வருவது ஆரஞ்சு முனையிலிருந்து, பதற்றத்தில் அந்த முனையில் கட்டைவிரலை வைத்துக் குத்திக்கொண்டவர்கள் உண்டு. ஊசியில்லாத பயிற்சிப் பேனா கேட்டு வாங்கி வீட்டில் எல்லோரும் பழகுங்கள், தாத்தா பாட்டி உட்பட. போட்டதும் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரட்டும், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் இரண்டாவது பேனா; அதனால்தான் எப்போதும் இரண்டு கையில் இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் எண் ஐரோப்பாவில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. மொழி தடுமாறினாலும் பரவாயில்லை, அனஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடுமையான அலர்ஜி) என்ற ஒரு சொல்லையும் வீட்டு முகவரியையும் சொல்லுங்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, மகன் எழுதியது.