பிரசன்ட் பெர்ஃபெக்ட்: குழந்தைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' உடன் வினையின் மூன்றாம் வடிவம் சேர்வதே பிரசன்ட் பெர்ஃபெக்ட். சிம்பிள் பாஸ்ட், அதாவது சாதாரண இறந்தகாலம், பதிந்த பிறகே இதைத் தொடங்குங்கள். 'வென்ட்', 'சா' என்பதிலேயே தடுமாறும் பிள்ளையிடம் 'கான்', 'சீன்' என்று மூன்றாம் வடிவத்தையும் நீட்டினால் இரண்டும் குழம்பிவிடும். முதல் வாரத்துக்குப் பத்து வினைச்சொற்கள் தாராளம்.

விதியைச் சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள். ஒரு பிள்ளையைக் கதவைத் திறக்கச் சொல்லி, கதவு திறந்திருக்கும்போதே 'ஷீ ஹேஸ் ஓபன்ட் த டோர்' என்று எல்லோரையும் சொல்ல வையுங்கள். செயல் முடிந்தது, விளைவு இன்னும் கண்முன் இருக்கிறது. கதவைச் சாத்திய பின், 'ஷீ ஓபன்ட் த டோர் எ மினிட் அகோ'.

அதிகம் வரும் பிழை, 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே'. தமிழில் 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். ஆனால் முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் ஆங்கிலத்தில் இந்த 'ஹேவ்' வராது. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'அகோ' ஒரு நிற அட்டையிலும், 'எவர்', 'நெவர்', 'ஜஸ்ட்', 'யெட்' வேறு நிறத்திலும் எழுதுங்கள். எடுத்த அட்டையின் நிறமே காலத்தைத் தீர்மானிக்கட்டும்.

'ஐந்து வருடமாக இங்கே இருக்கிறோம்' என்பதை 'வீ ஆர் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பார்கள். 'வீ ஹேவ் லிவ்ட்' என்று திருத்துங்கள். கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்': 'சின்ஸ் 2020'.

அமெரிக்க கார்ட்டூன் பார்க்கும் பிள்ளை 'ஐ ஆல்ரெடி ஏட்' என்றால் தவறென்று சொல்லாதீர்கள். அங்கே அது இயல்பான பேச்சு. நம் தேர்வில் மட்டும் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என எழுதச் சொன்னால் போதும்.